லாக் பின்னை நம்பாத மாஸ்ட்

1. செவ்வாய், காலை ஒன்பதே கால்

"பின் போட்டாச்சு, உடு" என்றேன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டும் பட்டறையில் போர்மேனாக இருந்த காலம் முழுவதும் நான் சொல்லிவந்த வார்த்தைதான். அன்று சொன்னது மட்டும் தவறு.

அன்று எங்கள் முன் இருந்தது, மாஸ்ட் என்னும் துளைக்கோபுரத்தை நிமிர்த்தும் ரிக் அல்ல. டிரெய்லர் மேல் ஒரு சிறிய பாய்மரப் படகு. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தும் தமயந்தி டீச்சர், இரண்டு கோடை விடுமுறைகளில் தன் கையாலேயே கட்டியது. பாய் கட்டும் கம்பத்துக்கும் மாஸ்ட் என்றுதான் பெயராம்; அதன் அடியைத் தாங்கும் பிராக்கெட்டை வெல்டிங் செய்ய எங்களிடம் கொண்டுவந்திருந்தார். நிமிர்த்திச் சரிபார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிப் பக்கத்து ஏரியில் இறக்கிவிடலாம். மாஸ்ட்டான பதினெட்டு அடி அலுமினியக் குழாய் வளைந்துபோனால் வேறொன்று சென்னையிலிருந்து வரவேண்டும். அதற்குள் ஏரித் தண்ணீர் இறங்கிவிடும்.

வெல்டர் பழனியப்பன் படகைச் சுற்றிவந்தார். "தண்ணியத் தேடிப் போற மாஸ்ட்தானுங்க நமக்குத் தெரியும். இது தண்ணி மேலயே போகுமுங்களா?"

"காத்து அடிச்சாப் போகுமுங்கண்ணா."

"அடிக்கலைன்னா?"

"நீங்க எறங்கித் தள்ளோணும்" என்றார் டீச்சர், சிரிக்காமல்.

மாஸ்ட்டின் உச்சியிலிருந்து படகின் இரு பக்கமும் இறங்கும் கம்பிகள் இரண்டையும் அவரே முதலில் மாட்டினார். மாஸ்ட்டின் உச்சியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் முன்னால் போய் நின்றார். பழனியப்பன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தூக்க, டீச்சர் கயிற்றை இழுக்க, மாஸ்ட் சீராக நிமிர்ந்தது. நான் அடியில் லாக் பின்னைச் செருகினேன். ரிக்கில் அத்தோடு வேலை முடிந்தது. பின் துளைக்குள் விழுந்துவிட்டால் மாஸ்ட் நிற்கும். ஆகவே விடச் சொன்னேன். பழனியப்பனும் கையை எடுத்தார்.

மாஸ்ட் அவர் தலையை நோக்கிச் சாய்ந்தது. பிராக்கெட் கிறீச்சிட்டது.

ஒரு சாண் சாய்ந்து அப்படியே நின்றது. டீச்சர் கயிற்றை டிரெய்லரின் முன் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"அண்ணா, பிடிச்சுக்கங்க. இன்னும் முன்கம்பி மாட்டலைங்க." வகுப்பில் பக்க எண் சொல்வதுபோல இருந்தது குரல். பழனியப்பன் பிடித்துக்கொண்டார். டீச்சர் முன்கம்பியை மாட்டி முறுக்கினார். அதன் பிறகே கயிற்றை அவிழ்த்தார். மாஸ்ட்டில் ஒரு வளைவும் இல்லை.

"என் தப்புங்க டீச்சர்" என்றேன்.

"பின்னு அடி நகராமப் பாத்துக்கும், அவ்வளவுதானுங்க. நிக்க வெக்கறது மூணு கம்பி."

பழனியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "போர்மேன் இன்னிக்கி என்னைய உசுரையே உடச் சொல்லிட்டாரு."

2. ஞாயிறு, காலை ஏழு மணி

ஏரிக்கரையில் மறுபடி மாஸ்ட்டை நிமிர்த்த வேண்டியிருந்தது. டீச்சர் கயிற்றை என்னிடமே நீட்டினார். ஒருமுறை தவறியவனிடம் இந்த வேலையைக் கொடுக்க நான் தயங்கியிருப்பேன். அவர் தயங்கவில்லை. மாஸ்ட் நிமிர்ந்ததும் நான் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவர் முன்கம்பியை மாட்டி, மாஸ்ட்டைக் கையால் நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

வேலை தெரிந்தவன் புது வேலைக்குப் போனால், முதலில் கேட்க வேண்டியது இது எதனால் நிற்கிறது என்பதைத்தான். ரிக் தெரிந்ததால் நான் அதைக் கேட்காமல் விட்டேன்.

"இப்ப உடலாமுங்கண்ணா" என்றார்.

கம்பி மூன்றையும் ஒருமுறை எண்ணிவிட்டு, கயிற்றை விட்டேன்.