சுண்ணாம்புத் தொட்டிப் பலகையும் ஆம்பூர்ப் பயிற்சியும்

போன மாசி மாதம் ஆம்பூரில் மூன்று நாள் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலையை எப்படி ஒழுங்கு பண்ணுவது, வீண் அலைச்சலையும் அடிபடுவதையும் எப்படிக் குறைப்பது என்று சொல்லிக் கொடுக்கிற ஆரம்பப் பயிற்சி. அடுத்த தடவை போகப் போகிறவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் ஆட்டு முடி அலசுகிறவள். என் வீட்டுக்காரர் அதே ஷாப்பில் தோலிலிருந்து முடி வழிக்கிறவர். பயிற்சிக்கு முந்தின ஐப்பசி மழையில் ஈரத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு முடி இளகத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்தவர், வழுக்கி உள்ளே விழுந்தார். தூக்கி விட்டார்கள். கண்ணும் நெஞ்சும் வெந்து போயிருந்தன. பத்து நாள் தாங்கவில்லை. அவர் வேலைக்கு இப்போது என் தம்பி ஏழுமலை போகிறான். பயிற்சிக்குப் போகிற வரை அவனுக்கும் அதே தொட்டி, அதே பலகை வழிதான்.

பயிற்சிக்கு ஒரு ஷாப்புக்கு இரண்டு பேர் வரலாம் என்று சொன்னார்கள். ஒருவர் காதர் மேஸ்திரி. இன்னொரு ஆளாக யாரும் வரவில்லை, மூன்று நாள் கூலி போகுமே என்று. நான் போகிறேன் என்றேன். மேஸ்திரி சிரித்தார். "முடி அலசறதுக்கு இன்னாம்மா பயிற்சி? தண்ணில போட்டா தானே அலசிக்குது." ஆனாலும் முதலாளி சரி என்றுவிட்டார். மேஸ்திரி சம்சாரத்துக்குத் தாய்வீடு ஆம்பூர். அவரும் கூட வந்ததால் எனக்குத் தங்க இடமும் கிடைத்தது.

ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு ஜட்காவில் ஆளுக்கு இரண்டணா. அங்கிருந்து ஆம்பூர் சுமார் நாற்பத்தெட்டு மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் பன்னிரண்டணா. காலை ஏழு மணிக்கு மேல் வந்த பாசஞ்சரில் ஏறினோம். காட்பாடியில் வண்டி நெடுநேரம் நின்றது. குடியாத்தத்தில் கைலி மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறி, என் காலடியிலேயே மூட்டையைப் போட்டது. கையில் தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொள்ளுங்கள், மாசியிலேயே வெயில் அடிக்கிறது. பத்தரைக்கு இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து பயிற்சி நடக்கிற ஷாப்பு நடக்கிற தூரம்தான். ஜட்காக்காரர் நாலணா கேட்டார். "நாலணாவா? உன் குதிரைக்கு பிரியாணியா போடுறே?" என்று மேஸ்திரி சம்சாரம் கேட்டுவிட்டு நடந்தே கூட்டிப் போனார்.

சொல்லிக் கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். வாத்தியார் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். முதல் நாள் கரும்பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்த ஷாப்பிலேயே எங்களை நிற்க வைத்தார். "ஆளைப் பாக்காதீங்க. தோலைப் பாருங்க. ஒரே ஒரு தோல் எங்கெங்க போவுது, எங்க சும்மா கிடக்குதுன்னு மட்டும் பாருங்க." சாயங்காலம் வரை ஒரு ஆட்டுத்தோல் பின்னாலேயே அலைந்தோம். அதன் மேல் யாராவது கை வைத்தது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் அது கிடந்தது, அல்லது யார் தோளிலாவது போனது. இத்தனை வருஷம் தோலோடு இருந்தும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் அவரவர் ஷாப்பைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னார். தொட்டிக்குக் கட்டம், ஆளுக்குப் புளியங்கொட்டை, தோல் போகிற வழிக்கு நூல். எங்கள் ஷாப்பை மேஸ்திரி வரைந்தார், நூலை நான் போட்டேன். நூல் சுண்ணாம்புத் தொட்டியின் குறுக்கே போனது. வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தொட்டி மேல ஏன் போவுது?"

"பலகை போட்டிருக்குது சார். குறுக்கு வழி" என்றார் மேஸ்திரி.

"அந்தப் பக்கம் ஏன் போவணும்?"

"முடி வழிக்கிற கட்டையெல்லாம் அங்கதான் சார், வேப்பமரத்தடில."

"ஏன் அங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "நிழலுக்கு. முன்ன வெயில்ல நின்னு வழிச்சாங்க. எங்க வீட்டுக்காரர்தான் முதலாளிகிட்ட கேட்டு அங்க மாத்தினாரு. அவருதான் விழுந்தாரு."

வாத்தியார், விழுந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"பூசணிக்கா ஒடச்சோம் சார். புதுப் பலகை போட்டு மஞ்சள் குங்குமம் வெச்சிருக்கோம்" என்றார் மேஸ்திரி.

வாணியம்பாடியிலிருந்து வந்த ஒருவர் சிரித்தார். ஆனால் எங்கள் ஷாப்பில் அது சிரிக்கிற விஷயமில்லை. பூசை போட்ட பலகை வழுக்காது என்று நம்பி, முன்பு பயந்து சுற்றிப் போனவர்கள்கூட அதன் மேல் நடந்தார்கள். என் தம்பி ஓடினான்.

வேப்பமரத்தடிக்குப் போன நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப தப்பு அவரு மேலதானா சார்?" என்றேன்.

"நிழல் கேட்டது தப்பில்லம்மா. தொட்டிக்கு இந்தப் பக்கம் நிழல் வரக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் ஊருக்குப் போய் மாற்றப் போகிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு இந்தப் பக்கம் கீற்றுக் கொட்டகை, கட்டைகள் அங்கே, பலகை கூடாது என்றேன். திரும்பி வருகிற வண்டியில் மேஸ்திரி மேல்பட்டி தாண்டும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "முதலாளிகிட்ட எனக்கு பேஜாரு வெக்கிறே நீ" என்றார். காட்பாடியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "கீத்து நான் கேக்குறேன். ஆளுங்ககிட்ட நீ பேசிக்கோ" என்றார்.

முதலாளி ஒரு வாரம் செய்து பார்க்கலாம் என்றார். கொட்டகை வந்தது, கட்டைகளும் வந்தன. ஆனால் வழித்த தோலை மரத்தடியில் போடுகிற பழக்கம் விடவில்லை. பலகை மேலேயே போனார்கள். எடுக்கச் சொன்னால் ஒருவரும் தொடவில்லை. மேஸ்திரியே, "குங்குமம் வெச்சதும்மா, எடுத்தா யாருக்கு இன்னா ஆவுமோ" என்றார்.

"எனக்கு இன்னும் இன்னா ஆவப் போவுது?" என்று நானே போய்க் குனிந்து ஒரு முனையைப் பிடித்தேன். கனமான பலகை, அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழுமலை தோலைக் கீழே போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்து மறு முனையைப் பிடித்தான். "உள்ள தள்ளிடாத அக்கா. மெதுவா" என்றான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மதியச் சாப்பாடு கையில் கொண்டு போங்கள். ஷாப்பின் பக்கத்தில் ஒன்றும் கிடைக்காது. பழைய சேலையே போதும், நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம், புளியங்கொட்டை வைக்கத் தெரிந்தால் போதும். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். சில கேள்வி வலிக்கும். பதில் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் திட்டு வாங்கவும் தயாராக இருங்கள். என் தம்பி இன்னும் திட்டுகிறான். கொட்டகையில் காற்றே இல்லையாம், வேப்பமரத்தடி மாதிரி வருமா என்கிறான். திட்டட்டும். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, சோற்றின் முன்னால் உட்கார்ந்துதான் திட்டுகிறான்.