பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்

லிங்கராஜ் அண்ணாச்சி வலது காலை நீட்டி, முழங்காலை ஒட்டி மீட்டர் கம்பியை வைத்து, துண்டால் இறுக்கி முடிச்சுப் போடுகிறார். அவருடைய ஜவுளிக்கடையில் துணி அளக்கிற இரும்புக் கம்பி அது. கால் இனி மடங்காது என்று காற்றில் உதைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஷோரூமில் பளபளவென்று நிற்கும் புது மோட்டார் பைக்கில் ஏறுகிறார். ஏறுகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருவர் இடுப்பைத் தாங்க, இன்னொருவர் காலைத் தூக்கிக் கொடுக்க, ஏற்றப்படுகிறார். அதுவும் பின்சீட்டில். முன்சீட்டில் யாரும் இல்லை. இல்லாத டிரைவரின் தோளை ஒரு கையால் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, டீ ஆறும் வரை அப்படியே இருக்கிறார்.

"கால்ல அடியா அண்ணாச்சி?"

"இல்லப்பா. அளவு பாக்குதேன்."

"வண்டிய முன்னால உக்காந்துல்லா பாக்கணும்?"

"முன்னால உக்காந்து பாக்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான்."

இறங்குகிறார். கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர் ஷோரூமுக்குப் போகிறார். அங்கேயும் அதே முடிச்சு, அதே பின்சீட்டு, இன்னொரு டீ. பங்குனி மாதம் முழுக்கக் கோவில்பட்டி மெயின் ரோட்டில் செலவில்லாமல் பார்க்கக் கிடைத்த காட்சி இது.

இரண்டு கம்பெனிகளின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இரண்டு ஷோரூம்காரர்களும் இந்தப் பத்திரிகைக்குத் தீபாவளி விளம்பரம் தருகிறவர்கள். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு வண்டி தாழ்வாக, நீளமாக, படுத்திருக்கும் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். கறுப்பு வண்டி உயரம். நிறுத்தி வைத்திருக்கும்போதே யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கும். சிவப்புக்கு இழுவை அதிகம் என்று ஒரு கட்சி, கறுப்புக்கு வேகம் அதிகம் என்று ஒரு கட்சி. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதற்காக ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்திருக்கிறது. உடைத்தவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது.

இத்தனையும் ஒரு ரேஸுக்காக. எட்டயபுரம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து கொஞ்ச தூரம் போனால் ஒரு கண்மாய். கண்மாய் என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். தண்ணீரும் எங்களை நினைப்பதில்லை. கரைக்குள் முழுக்க வேலிக்கருவைக் காடு. முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி. அடியில் கரிசல் வெடித்து, சக்கரம் எப்போது வரும் என்று வாயைத் திறந்து கிடக்கும். சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டுக்குள் மோட்டார் பைக்கோடு புகுந்து, மறுகரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். வண்டிக்கு இரண்டு ஆள் கட்டாயம். முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவர் கையில் தொரட்டி. ஆட்டுக்குக் குழை வளைக்கிற அந்தக் கொக்கிக் கம்பால், முகத்துக்கு நேரே வரும் கிளைகளை ஒதுக்கிக் கொடுப்பது அவர் வேலை. அவர் ஒரு நொடி அசந்தால் ஓட்டுகிறவர் முகம் சல்லடை.

ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தொரட்டி பிடிக்கத் தெரிந்தவர் என்றால் சங்கிலிப்பாண்டி. கண்மாய்க்கு அடுத்த ஊர்க்காரர். வத்தல், பருத்தி, உளுந்து என்று மானாவாரியில் மல்லுக்கட்டுகிற சம்சாரி. லிங்கராஜும் அவரும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. ஒருவர் ஜவுளிக்கும் ஒருவர் உழவுக்கும் போன பிறகும், சித்திரை வந்தால் ஒரே வண்டி. "எடது" என்றால் லிங்கராஜ் வளைப்பார்; ஏன் என்று கேட்டதில்லை. அண்ணாச்சி தம் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்கிற ஒரே காரியம் அதுதான்.

மற்றதெல்லாம் யோசனைதான். கடை போர்டுக்கு ஊதாவா பச்சையா என்று முடிவாகாமல், பாதி ஊதா பாதி பச்சையாக நான்கு வருஷம் தொங்கியது. ஓட்டலில் சர்வர் சொல்லும் பட்டியலை முழுக்கக் கேட்டு, திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லி, "அப்ப ரெண்டு இட்லி கொண்டாப்பா" என்பார். நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்திருக்கிறவர்கள் மேல் அவருக்கு வருத்தமே கிடையாது. "பாவம், நம்ம சாதி" என்று மடிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவி கல்யாணசுந்தரி கல்லாவில் இருந்தபடி சொல்வார்: "என்னியப் பொண்ணு பாத்துட்டுப் போயி ஏழு மாசம் கழிச்சுச் சரின்னாவ. எங்கப்பா அதுக்குள்ள வேற எடத்துல பேசி முடிக்கப் பாத்துட்டாவ."

ரேஸில் இருவரும் வருஷா வருஷம் இரண்டாவதாக வருவார்கள். முதல் பரிசு ஒரு கிடாய். அது ஃபேன்சி ஸ்டோர் பாலகணேஷுக்கு. இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம். கல்யாணசுந்தரியின் அடுக்களையில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. "குடம் போதும்ங்க. தண்ணிதான் வரமாட்டேங்கு" என்பது அவர் முறையீடு. நகராட்சி இதைக் கவனிக்க வேண்டும்.

ஒருநாள் கேபிள் டிவியில் வெளிநாட்டுக்காரர்கள் நான்கு சக்கர பைக்கில் காட்டுக்குள் ரேஸ் விடுவதைக் காட்டினார்கள். கொழுத்த டயர், ஆளுக்கொரு வண்டி. அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டுதான். ஆனா பின்னால ஆளு இல்லயே. அவ்வளவு தூரம் யார்ட்டப் பேசிக்கிட்டுப் போவான்?"

போன வைகாசியில் பாண்டி, காய்ந்த பருத்திமார்க் கட்டு ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. கம்பு மாதிரி நீட்டிய காலோடு உழவு பார்க்கிறார், களை எடுக்கிறார், சண்டை போடுகிறார். ஒரு தடவை பஸ் ஏறும்போது கண்டக்டர் நல்ல மனசோடு அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து பாண்டி பஸ் ஏறுவதில்லை. கோவில்பட்டிக்கு வரவேண்டுமென்றால் விடியுமுன் கிளம்பி நடக்கிறார். கேட்டால், "காத்தாட வந்தேன்" என்பார். கரிசக்காட்டில் அந்த நேரத்துக் காற்றும் நடந்துதான் வரும்.

அவரே கடைக்கு வந்து சொன்னார்: "ஏலே லிங்கம், எங்க சின்னம்மா மகன் சுடலைக்குமார வச்சிக்கோ. எடையும் கம்மி. எனக்கும் இந்த முள்ளு சலிச்சிப் போச்சு."

"பாப்பம்."

"என்னத்தப் பாப்ப? இந்தப் பழைய வண்டியத் தள்ளிட்டு ஒசரமா ஒண்ணு வாங்கு. இந்த வருசமாவது கிடாயக் கண்ணுல காட்டு."

"பாப்பம்லே."

இதற்குப் பிறகுதான் மீட்டர் கம்பி ஷோரூமுக்குப் போக ஆரம்பித்தது. ஊர் அதைக் கிறுக்கு என்றது. நானும் அப்படித்தான் இரண்டு பேரிடம் சொன்னேன்.

பங்குனி முடிகிற அன்று அண்ணாச்சி கறுப்பு வண்டியை வாங்கினார். ஊருக்கு உடனே விளங்கிவிட்டது. நின்று ஏறவே நல்ல கால் இரண்டு வேண்டும் என்கிற வண்டி. பாண்டியை இறக்கிவிட்டாயிற்று, இந்த வருஷம் கிடாய் உறுதி. பாலகணேஷ்கூடக் கடைவாசலுக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போனான்: "இப்பத்தான் அண்ணாச்சி நீங்க வெவரம்." பாண்டி நடந்து வருவது நின்றது.

வந்தது அவர் மனைவி வெயிலுகந்தம்மாள். துண்டு வேண்டும் என்றார். பிரித்துப் போட்டார்கள். அவர் துண்டைப் பார்க்கவில்லை.

"ஒசரமான வண்டியாமே அண்ணாச்சி."

"ஆமாம்மா."

"நல்லாருங்க. அவியளும் அதத்தான் சொன்னாவ. லிங்கம் செஞ்சது நியாயம்தான், நொண்டிய வச்சிக்கிட்டு எத்தன காலத்துக்குக் குடத்தையே தூக்குவான்னு. சொல்லிட்டுப் படுத்தவியதான். சோறு எறங்கல."

அண்ணாச்சி மடித்த துண்டையே திரும்ப மடித்தார். கல்லாவில் இருந்த கல்யாணசுந்தரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏட்டி வெயிலு, இங்கன வா. இவிய ஒரு மாசமா மீட்டர் கம்பியக் கால்ல கட்டிக்கிட்டு ரெண்டு கடையிலயும் பின்சீட்டுல உக்காந்தாவளே, யாருக்குன்னு நெனைக்க? எனக்கா? நான் சேலையோட ஒருபக்கமால்லா உக்காருவேன்? செவப்பு வண்டியில காலு மடங்குனாத்தான் வைக்க எடம். மடங்காத காலு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், முள்ளு பொளந்துரும். கறுப்புல காலு நேராத் தொங்கும். ஏறுறதுதான் பாடு. ஏறிட்டா ராசா."

வெயிலுகந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். துடைத்த கையோடு கோபம் வந்துவிட்டது.

"இத அவியகிட்டச் சொன்னா என்ன அண்ணாச்சி? வாய் வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

"சொன்னா வரமாட்டாம்மா. எரக்கப்பட்டு வாங்கியிருக்கேன்னு நெனைப்பான். நீயும் சொல்லாத." அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "புது ஆளுக்குத் தொரட்டி பிடிக்கக் காட்டிக் குடுக்கணுமாம், வரச் சொன்னான்னு மட்டும் சொல்லு. அதுக்கு வருவான். திட்டுறதுக்காவது வருவான்."

திட்டுவதற்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க் கரை நிறையக் கூட்டம். ஐஸ் வண்டி, சேவு வண்டி, கரைமேல் வரிசையாகப் பெண்கள். பாண்டி தொரட்டியை ஊன்றிக்கொண்டு, கால் ஒருபக்கம் அரைவட்டம் போட, கரையிலிருந்து இறங்கி வந்தார்.

"எங்கல புது ஆளு?"

"வருவான்."

"பொழுது சாஞ்சா வருவான்? கம்ப இப்பிடி நடுவுல பிடிக்கப்பிடாதுன்னு சொல்லு. கிளைய அடிக்கப்பிடாது, தள்ளணும். அடிச்சா திரும்பி வந்து உன் கண்ணத்தான் எடுக்கும்."

"அவனுக்கே தெரியும்."

"தெரிஞ்சவனா? அப்ப சுடலைக்குமார் இல்லியா? யாருலே அது, எனக்குத் தெரியாம?"

அண்ணாச்சி வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஊர்த் தலைவர் விசிலை வாயருகே கொண்டுபோனார். ஐந்து வண்டிகள் உறுமின. கறுப்பு வண்டியின் பின்சீட்டு மட்டும் காலியாக இருந்தது. பாண்டி அதைப் பார்த்தார். பிறகு லிங்கராஜின் பிடரியைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"வேண்டாம்லே" என்றார். "இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னிய உளுந்து மூட மாதிரித் தூக்கி வைக்கப்பிடாது. சொல்லிட்டேன்."

பாலகணேஷ் நல்ல எண்ணத்தோடுதான் கத்தினான்: "அண்ணாச்சி, அவரத் தூக்கி ஏத்த ரெண்டு ஆளு அனுப்பட்டுமா?"

கரையில் யாரோ சிரித்தார்கள். பாண்டியின் முகம் கறுத்தது. தொரட்டியை எடுத்துக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் வைத்தார்.

"இரு பாண்டி, இந்தப் பெட்ரோல் கொழாய் அடச்சிருக்கான்னு பாத்துக்கிடுதேன்" என்றார் லிங்கராஜ். இடது காலைக் கரிசலில் அகல ஊன்றி, வண்டியை இடதுபக்கம் சாய்த்தார். குழாயைப் பார்க்க அவ்வளவு சாய்க்கத் தேவையில்லை. இன்னும் சாய்த்தார். தொண்ணூறு கிலோ உடம்பு, நூற்றுச் சொச்சம் கிலோ இரும்பு, இரண்டையும் அந்த ஒரு கால் தாங்கியது. பின்சீட்டு இறங்கி இறங்கி, பாண்டியின் தொடை உயரத்துக்கு வந்து நின்றது.

விசில் ஒலித்தது. நான்கு வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேலிக்காட்டுக்குள் பாய்ந்தன. கரைமேல் அத்தனை பேரும் அங்கே திரும்பினார்கள். அண்ணாச்சி குனிந்தே இருந்தார். ஊன்றிய கால் வெடவெடத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "தொறந்திருக்கா அடச்சிருக்கான்னே தெரியமாட்டேங்கே" என்று குழாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை.

வண்டி ஒருமுறை குலுங்கி, பின்பக்கம் அமிழ்ந்தது. ஒரு கை அவர் தோளைப் பிடித்தது. அப்போதும் அண்ணாச்சி நிமிரவில்லை. பாண்டியின் நீட்டிய கால் அந்தப் பக்கம் தடவித் தடவி ஃபுட்ரெஸ்டைக் கண்டுபிடிக்கும் வரை, அந்தக் குழாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.