பின்பக்கமாக ஏறிய மேடு

ஆஸ்பத்திரி மேட்டில் டிரக்கைப் பின்பக்கமாகவே ஏற்றியவள் என்று அவளைப் பற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

அவளுக்கு வைத்த பெயர் நீராவி அக்கா. சலவைக்கூடம் நடத்துகிறவள் என்பதால் பாதி, கோபம் வந்தால் புஸ்ஸென்று கிளம்புகிறவள் என்பதால் மீதி. அதே ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக அழுக்குத்துணி அள்ளும் வேலையில் தொடங்கியவள், இன்றைக்கு அங்கே விரிக்கிற ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் தன் கூடத்தில் துவைத்து, தானே ஓட்டிப் போய் இறக்குகிறாள். வீட்டுக்காரர் இஸ்திரி போடுவார். அதிகம் பேச மாட்டார். பேசுவதற்குத்தான் அண்ணன் இருந்தாரே!

அண்ணன் ஆயுசில் பாதியைப் பெரிய லாரிகளில் கழித்துவிட்டு, முட்டி தேய்ந்ததும் தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கியர் தானாகவே மாறுகிற பழைய ஆட்டோ கியர் டிரக் ஒன்றை அவள் வாங்கி வந்த அன்றே, "கிளட்ச் இல்லாததெல்லாம் ஒரு வண்டியாம்மா? பொம்மை இது" என்று சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, மறுநாளே அந்தப் பொம்மையைச் சொந்தப் பிள்ளை மாதிரி எடுத்துக்கொண்டார். விடிந்ததும் பானெட்டைத் திறப்பார். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அடுத்து கியர்பாக்ஸ் கம்பி, அதற்கும் அதே மரியாதை. "ரெண்டும் நிறைஞ்சிருக்கு, கிளம்பு!" என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் சாவியைத் திருப்புவாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஒருநாள் மேட்டில் மக்கர் பண்ணியது. இன்ஜின் ஓவென்று கத்தும், வண்டி நகராது. பிறகு திடீரென்று வெட்டி இழுக்கும். வாரம் போகப் போக அது வாடிக்கையாகிவிட்டது. மேட்டில் நடப்பதைச் சொன்னபோது அண்ணனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கியர் வழுக்குது. ஆயில் நிறைய இருக்கு, நானே தினமும் பாக்கறேன். அப்புறம் எதனால வழுக்கும்? உன் காலு! நீ மிதிக்கிற மிதியில கியர்பாக்ஸ் உள்ள தேஞ்சு போச்சு."

"நான் மெதுவாத்தாண்ணா மிதிக்கறேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். சொன்னது அண்ணன், அதுவும் லாரியிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஒரு அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, முட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்துப் பார்த்தாள். அப்போதும் வழுக்கியது. ஒருவேளை தன் கால்தான் சரியில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாருங்கள். அதுதான் கொடுமை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில், இன்னொரு தடவை துணி நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விற்றுவிட அண்ணன் புரோக்கரிடம் பேசி முடித்தார். நாளைக்கு மத்தியானம் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். "நல்ல வண்டியா வாங்கற வரைக்கும் கூடத்தை மூடி வை" என்றார். மூடி வைத்தால் வேலை கைவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், "சரிண்ணா" என்றாள்.

மறுநாள் காலை, கடைசி லோடு. ஆபரேஷன் அறைத் துணி வேறு. பாதி மேட்டில் வண்டி கத்திக்கொண்டு நின்றது, பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தியபடியே அடிவாரம் வரைக்கும் இறங்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். கோபம் வந்தால்தானே அவளுக்கு மூளை ஓடும்.

கூடத்து வாசலில் ஒரு சரிவு இருக்கிறது. துணி ஏற்ற வசதியாக அதில் தினமும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஏற்றுவாள். அங்கே ஒரு நாளும் இது வழுக்கியதில்லையே! அதே கால், அதே வண்டி. "அங்க பின்னால ஏறற கழுதை இங்க ஏறாதா?" என்று வாய்விட்டே கேட்டாள். வண்டியைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் ஒரு கண், கழுத்தைத் திருப்பி ஒரு கண். ஏறியது! முனகாமல், வழுக்காமல், சமத்தாக ஏறியது. மேலே கேட் காவலாளி வாயைப் பிளந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு விசிலை ஊதி, "வாங்கக்கா, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க!" என்று வழிகாட்டினார்.

துணி இறங்கும் வரை அவள் யோசித்தாள். வாளியில் அடித்தண்ணீர்தான் இருக்கிறது என்றால் சாய்த்துத்தானே மொள்ளுவோம்? வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் வராத இழுப்பு, மூக்கு கீழே இறங்கியிருந்தால் மட்டும் எப்படி வருகிறது? கியர்பாக்ஸ் உள்ளே ஆயில் குறைவாக இருந்து, சாய்கிற பக்கமாக ஓடினால்தான் அப்படி. ஆனால் நிறைந்திருக்கிறது என்று அண்ணன் காலையில்கூடக் காட்டினாரே! நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில் இன்ஜினை ஓடவிட்டபடியே, சமதளத்தில் பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் கம்பியை உருவினாள். துடைத்துவிட்டுத் திரும்ப விட்டு எடுத்தாள். நுனியில்கூட ஈரமில்லை.

வீட்டுக்கு வந்தபோது புரோக்கர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. வண்டியை நிறுத்தி, சற்று நேரம் விட்டு, "அண்ணா, கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். "நிறைஞ்சிருக்கு."

அவள் ஏறி இன்ஜினைக் கிளப்பினாள். "இப்பப் பாருங்க."

"ஓடற வண்டியில யாராவது ஆயில் பாப்பாங்களா?"

"பாருங்கண்ணா."

பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவையும் விட்டு எடுத்தார். கம்பி காய்ந்து கிடந்தது.

"ஓட ஆரம்பிச்சா ஆயில் உள்ள ஏறிடுது. நிறுத்தினா மொத்தமும் கீழ இறங்கிடுது. நீங்க இத்தனை நாளும் தூங்கற வண்டியத்தான் பாத்திருக்கீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

லாரியில் அப்படித்தான், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் இன்ஜின் ஆயிலைப் பார்ப்பார்கள். இந்த ஜாதி கியர்பாக்ஸுக்கு அது தலைகீழ் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கேட்கிற ஆளா அவர்? வந்து பார்த்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். ரேடியேட்டர் பக்கம் கியர்பாக்ஸ் ஆயில் போகிற ஒரு ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. குழாயை மாற்றி ஆயிலை நிரப்பினார். "ஆயில் இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, கருகல. தப்பிச்சீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா வண்டி காலிதான்." புரோக்கர் எப்போது எழுந்து போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலை இன்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, அது சூடேறும் வரை காத்திருந்து, கம்பியைப் பார்த்தார். பிறகு, அதுவரை செய்யாத காரியமாக, சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கண்ணா?"

"ஓட்டு."

மேடு வந்தது. அண்ணனின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி மிதித்துக்கொண்டது. அவள் பார்க்காதவள் மாதிரி ஓட்டினாள். வண்டி நேராக, மூக்கை நிமிர்த்திக்கொண்டு, ஒரே மூச்சில் ஏறியது.

விசிலோடு ஓடிவந்த காவலாளி ஏமாந்து போனார். "என்னக்கா, இன்னைக்கு நேரா வர்றீங்க? வண்டிக்கு என்ன ஆச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான்தான் ஆயிலைத் தப்பாப் பாத்துட்டு, இவ காலைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன். அருமையா ஓட்டறா என் தங்கச்சி."

அவளுக்குக் கண் கலங்கியிருந்ததால், துணி இறக்குமிடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வண்டியை நிறுத்தினாள்.