அடாணாவில் ஒரு நினைவு ஆராதனை

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தின் மூன்றாம் சனிக்கிழமை, காலை. காரமடைக்கு வடக்கே, எங்கள் வாழைத்தோட்டம். என் மகன் மடை மாற்றிக்கொண்டிருந்தான். வண்டித்தடம் பற்றி வாக்குவாதம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் கொடுவாளால் கழுத்தில் ஒருமுறை, விழுந்தபின் தலையில் இருமுறை வெட்டினான். மேட்டுப்பாளையம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் மகன் இறந்தான். வெட்டியவன் அன்றே கைதானான். இரு குடும்பங்களும் ஒரே சபை.

நினைவு ஆராதனைக்குத் துக்க வீட்டாரே பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். நெடுங்காலம் பாடகர் குழுவை நடத்திய எனக்கு ஆலோசனை தேவைப்படவில்லை. துக்கத்துக்கு முகாரிதான் வைப்பார்கள். அது இழந்தவனை அழவைத்துத் தளர்த்திவிடும். எனக்கு அடாணா வேண்டியிருந்தது. நிமிர்ந்து நின்று எதிராளியைத் தேடும் ராகம். நிலத்தில் சிந்திய இரத்தம் நியாயம் கேட்கும் பழைய கீர்த்தனை ஒன்று அதில் உண்டு. கொன்றவனின் கை உலரவும் அவன் வீட்டு விளக்கு அணையவும் கேட்கும் அதன் மூன்றாம் சரணத்தைச் சபையில் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது என்றேன். வெட்டியவனின் தாய் ஆராதனை தவறாதவர். அவர் காதில் அது விழ வேண்டும்.

சபை ஆயர் நான் எழுதிக்கொடுத்த பாட்டுத் தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது பாட்டுங்களா, கொடுவாளுங்களா?"

"பாட்டுப் புஸ்தகத்துல இருக்குதுங்க, ஐயா. நான் பட்டறையில அடிச்சுட்டு வரலீங்க."

"அந்தம்மா வருமுங்க."

"வரட்டுமுங்க."

எங்கள் சபையில் ஒவ்வொரு சரணத்தையும் பெண்கள் பக்கம் முதலில் பாடும். ஆண்கள் பக்கம் திருப்பிப் பாடும். பாட்டைத் தேர்ந்தபோது இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆராதனையன்று மூன்றாம் சரணம் வந்ததும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வாய் மூடினர். ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. கை உலரட்டும் என்று, சுருதி விலகாமல், வெட்டியவனின் தாய் பாடினார். விளக்கு அணையட்டும் என்றும் பாடினார். அடுத்து எங்கள் முறை. ஆர்மோனியம் எடுத்துக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். பாடத்தான் எழுந்தேன். பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

வாசலில் அவரை நிறுத்தினேன். "எதுக்குங்க பாடுனீங்க?"

"நீங்க போட்ட பாட்டுங்க. உங்க ஊட்டு எழவுக்கு வந்துபோட்டு வாயை மூடிட்டு நிக்க முடியுங்களா?" முந்தானையால் முகம் துடைத்தார். "அவன் பண்ணுனதுக்குப் பெத்தவ வாயிதானுங்க மொதல்ல நியாயம் கேக்கோணும்."

நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

மூன்றாம் சரணத்தை ஆண்கள் பக்கம் திருப்பிப் பாடுவது.

அந்தம்மாவுக்குப் பதில் சொல்வது.

வண்டித்தடத்தில் இரத்தக் கறை படிந்த மண்ணை வெட்டி அள்ளுவது.

வருட நினைவுக்குப் பாட்டுத் தேர்வது. ராகம் முடிவாகவில்லை.