நற்கருணை அப்பமும் என் குடலும்

ரத்தப் பரிசோதனை, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்து, எனக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது. இனி ஆயுசுக்கும் ஒரு பொட்டுக் கோதுமை ஆகாது.

நற்கருணை அப்பமும் கோதுமைதான். ஃபாதரிடம் முன்பே சொல்லிவைத்து, இன்று ஞாயிறு பூசையில் திராட்சை ரசம் மட்டும் வாங்கினேன்.

ஆஸ்டின் டவுன் கோயில் வாசலிலேயே ஸ்டெல்லா ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். ஊர் விஷயம் ஒன்று விடாத மனுஷி.

"ஏம்மா, அப்பம் வாங்கல?"

காரணத்தைச் சொன்னேன்.

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. ஆண்டவரோட உடம்பு உனக்கு மட்டும் ஒத்துக்காதா? விசுவாசம் இல்ல, அதான் வியாதி!"

சுற்றி நின்றவர்கள் தலையை வேறு ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ பிறந்தநாள் கேக் நீட்டினார்கள். ஆன்ட்டி பதறிப் பின்வாங்கினார்.

"ஐயோ, எனக்கு சுகர்! டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்."

"விசுவாசத்தோட சாப்பிடுங்க ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனார். இந்நேரம் என் மாமியாருக்கு போன் போயிருக்கும்.

கோதுமை இல்லாத அப்பம்கூட வேண்டாம். ஸ்டெல்லா ஆன்ட்டி இல்லாத கோயில் பெங்களூரில் எங்கே இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.