மழைக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்

இந்தத் தீவில் மழை பெய்தால் வரவேற்பு மேசையில் நிற்பவர்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். சீஷெல்ஸுக்கு வந்து வேலையில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான். விருந்தினர் படியிறங்கி வருவார், வானத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். உடனே நாம் தலையைச் சாய்த்து ‘சாரி’ சொல்ல வேண்டும். என்னமோ நானே மொட்டைமாடிக்கு ஏறிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்த மாதிரி! வானம் பார்த்த சந்தவாசலில் பிறந்தவளிடம் மழைக்கு மன்னிப்புக் கேள் என்றால் வாய் வருமா? எனக்கு வரவில்லை.

வராதது மட்டுமா, வேறொன்றும் வந்து தொலைத்தது. ஜனவரி மாதம் இங்கே வடமேற்குக் காற்றின் காலம். மழை கொட்டும், கடல் சீறும். அப்படியொரு நாளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சொட்டச் சொட்டப் பெட்டியோடு வந்து நின்றார்கள். எனக்கோ மழையைப் பார்த்த குஷி. “நீங்கள் காலடி வைத்த நேரம், என்ன மழை பாருங்கள்! நீங்கள்தான் கூட்டி வந்தீர்கள்” என்று ஆங்கிலத்தில் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு விருந்தாளியிடம் இதைச் சொன்னால் மனுஷன் மீசையை முறுக்கிக்கொள்வார். இவர் முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மா, “நம்மைக் கேலி செய்கிறாளா?” என்று கணவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் புகார் போய்விட்டது.

ஹோட்டல் முதலாளி லிசெத் மேடம் இந்தத் தீவுக்காரி. கெட்டவர் இல்லை, கறார்ப் பேர்வழி. “அவர்களைப் பாராட்டத்தான் செய்தேன் மேடம்” என்றேன். “மழையைச் சொல்லியா?” என்றார். வேறு எதைச் சொல்லிப் பாராட்டுவது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. இன்னொரு புகார் வந்தால் மாதக் கடைசியில் பர்மிட்டைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பர்மிட் போனால் விமானம் ஏற வேண்டியதுதான். வேலூரில் நர்ஸிங் படிக்கும் என் மகளின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் நிற்கிறது.

பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். ஏனென்றால் இந்த ‘சாரி’யை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இங்கே வருமுன் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். கோடையில் வேன் வேனாக வருவார்கள், அருவிக்குப் போவார்கள், திரும்பி வந்து என்மேல் பாய்வார்கள். “இன்னாம்மா இது, அருவின்னு போர்டு வெச்சிக்கீறீங்க, வெறும் பாறைதான் கீது!” மழை பெய்தால்தான் அருவி என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சாமை வயலைப் பாருங்கள், பலா காய்த்திருக்கிறது, மலைத்தேன் இருக்கிறது என்றால், ‘அதுல இன்னா பாக்கறது’ என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். அங்கே தண்ணீர் இல்லையென்று திட்டு, இங்கே தண்ணீர் கொட்டுகிறதென்று திட்டு. இரண்டு ஊரிலும் குனிந்து நின்றது என் முதுகு. போதும்டா சாமி!

ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம் என்று அன்றைக்கு உறைத்தது. அங்கே அருவியை மட்டும் காட்டுகிறோம், இங்கே மணலை மட்டும் விற்கிறோம். விளம்பரப் படத்தில் சாய்ந்த தென்னையும் நீலத் தண்ணீரும்தான். எங்கள் ஹோட்டலுக்குப் பின்னால் லவங்கப்பட்டை மணக்கிற ஒரு முழு மலையே நிற்கிறது, அதற்குப் படத்தில் இடமில்லை. கடற்கரையை மட்டும் விற்றால் மழை எதிரியாகத்தானே தெரியும்?

மறுநாள் லிசெத் மேடத்திடம் நேராகவே கேட்டேன், மழையிலேயே இவர்களை மலைக்குக் கூட்டிப் போகட்டுமா என்று. “கடலுக்காக வருகிறார்கள், சேற்றுக்காக அல்ல” என்றார். “கடலில் சிவப்புக் கொடி ஏற்றியாயிற்று மேடம். அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் புகார்தான் எழுதுவார்கள்” என்றேன். “யாராவது வந்தால் கூட்டிப் போ” என்று கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார்.

வந்தது யார் என்கிறீர்கள்? அதே தம்பதி! வேறு போக்கிடம் இல்லை அவர்களுக்கு. நான் விடுமுறைகளில் நடந்து பழகிய பாதைதான். பட்டை இலையைக் கசக்கி முகரக் கொடுத்தேன். வழியில் ஒரு தீவுக்காரர் வீட்டில் எலுமிச்சைப்புல் டீ கிடைத்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது, திரும்பும்போது அந்த மனிதர் சறுக்கிச் சேற்றில் தொப்பென்று உட்காரும்வரை. தொலைந்தது பர்மிட் என்று கை நீட்டினேன். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாறையிலிருந்து தண்ணீர் நுரைத்து இறங்கிக்கொண்டிருந்தது. “இந்த ஓடை வெயில் காலத்திலும் இருக்குமா?” என்றார்.

“இருக்காது. மழை விட்டதும் போய்விடும்.”

அதை மனைவியிடம் ஒரு பெருமையோடு திருப்பிச் சொன்னார், அவரே கண்டுபிடித்த ஓடை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தமுறை அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் புகழ்ந்ததைக் கேட்டு லிசெத் மேடம் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார்: ‘மோசமான வானிலைக்கான நடை’. பார்த்ததும் சுருக்கென்றது. துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

“மோசம் என்று போட்டால் நான் கூட்டிப் போக மாட்டேன் மேடம்.”

“உன் பர்மிட் என் மேசையில் இருக்கிறது, ஞாபகமிருக்கிறதா?”

“இருக்கிறது. அப்போதும் மாட்டேன்.”

எங்கிருந்து வந்ததோ அந்தத் திமிர்! மேடம் சாக்பீஸை எடுத்து ‘லாப்ளி’ என்று ஒற்றைச் சொல் எழுதினார். இவர்கள் பேசும் கிரியோல் மொழியில் மழை என்று அர்த்தம். பிறகு, முணுமுணுத்துக்கொண்டேதான், கையெழுத்தும் போட்டார்.

போன வாரம் நல்ல மழையில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் சந்தவாசலிலிருந்து அண்ணன் போன். “இன்னா சுமதி, அங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துதாமே? இங்க போர்ல காத்துதான் வர்து. நெல்லு காயுது” என்றார். என்ன சொல்வது? போய்ட்டு வந்து பேசறேன் என்று வைத்துவிட்டேன். மலைப்பாதையில் தண்ணீர் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. செருப்பைக் கழற்றினேன். காலாலேயே சேற்றை ஒதுக்கி வரப்புக் கட்டி, தண்ணீரை வலப்பக்கம் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் வயல் ஏது? பட்டைமரம், பாறை, அதற்குக் கீழே கடல்.

“தண்ணீரை எங்கே அனுப்புகிறீர்கள்?” என்று பின்னால் வந்த பெண் கேட்டாள்.

அண்ணன் நிலத்துக்கு என்று வாய்வரை வந்துவிட்டது. “கீழே” என்றேன். வரப்பு உடைந்துவிடக் கூடாதென்று இன்னொரு கை மண்ணை வைத்து மிதித்துவிட்டு நடந்தேன்.