முருகேசண்ணன் ஜாம்பியான ஞாயிற்றுக்கிழமை

மைதா பசை கொதிக்கும்போது ஒரு வாசனை வரும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பக்கத்தில் போனால் அடிக்குமே, அதேதான். அதில் காப்பித்தூளைப் போட்டுக் கிண்டினால் இன்னும் கொஞ்சம் மோசமாகும். ஆனால் கிழித்த டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்து முகத்தில் ஒட்டிக் காயவிட்டால்... அசல் உரிந்த தோல்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கோலார் தங்கவயலில், எங்கள் கேஜிஎஃப் பஜாரில், அப்பாவின் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தேன். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுப் பழகிய கை. என்னோடு ஸ்கூலில் படித்த தினேஷ் ஒருநாள் மாடியேறி வந்தான்.

"கலா, எனக்கு இருவது ஜாம்பி வேணும். செஞ்சித் தர்றியா?"

செத்தவர்கள் எழுந்து நடக்கிற பத்து நிமிஷக் குறும்படம். அவனுடைய போன்தான் கேமரா.

"செய்றேன். ஆனா என் பேரு பெருசா வரணும்," என்றேன்.

நடிக்க வந்தவர்கள் எல்லோரும் ரயில்காரர்கள். விடியும் முன்பே ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூரு போய் வேலை செய்துவிட்டு ராத்திரி திரும்புகிறவர்கள். தினேஷும் அந்தக் கூட்டம்தான். "நடிக்கவே வேணாம். ரயில்ல இருந்து எறங்கி வூட்டுக்குப் போவீங்களே, அப்டியே நடங்க," என்று சொல்லி வைத்தான்.

ஒருவர்கூட இரண்டாவது டேக் வாங்கவில்லை.

ஷூட்டிங் மைசூர் மைன்ஸ் பக்கத்து சயனைடு மேட்டில். சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலை மாதிரி நிற்கும். அந்த மண்ணையே முகத்தில் பூசலாம் என்றான் தினேஷ். என் மைதாவைத் தவிர எதுவும் முகத்தில் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தலைமை ஜாம்பி முருகேசண்ணன். ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில் வீடு, பெங்களூரில் ஃபிட்டர் வேலை. ஒல்லியான, உயரமான ஆள். அவர் முகத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வலது கன்னம் பிய்ந்து தொங்க வேண்டும், உள்ளே பல் தெரிய வேண்டும். செய்து முடித்து நானே ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

மத்தியானம், கலைத்தால் மறுபடி போட நேரமில்லை என்று, அந்த முகத்தோடேயே வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

அவருடைய மகள் பவித்ராவுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் குரல் கேட்டு வாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்தவள் முகத்தைப் பார்த்தாள்... அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவள் சாயந்தரம் வரை வெளியே வரவில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க, பார்லருக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கன்னத்தின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு முருகேசண்ணன் வந்து பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா எங்கிட்ட வரமாட்டேங்குதும்மா. காலையில நான் போறப்போ தூங்கிக்கினு இருக்கும், திரும்பி வர்றப்பவும் தூங்கிக்கினு இருக்கும். அது முழிச்சினு கீற நேரத்துல என்னப் பார்க்குறதே ஞாயித்துக்கெழமதான். இன்னிக்கும் பக்கத்து வூட்டுக்கு ஓடிடுச்சி."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"இப்பவே கூட்டினு வாங்கண்ணா," என்றேன்.

பவித்ரா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் கன்னத்திலேயே பசையைத் தடவி, பேப்பரை ஒட்டி, ஃபேன் காற்றில் காயவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க உரித்துக் காட்டினேன். ஒரு அடி முன்னால் வந்தாள். பிரஷை நீட்டினேன்.

"அப்பாவுக்கு நீ போடுறியா?"

முருகேசண்ணன் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தார். மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் நெற்றியில். அப்புறம் அந்த வலது கன்னத்தில்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல பாப்பா. கூச்சமா கீது."

ஒட்டி முடித்ததும் அவளே நகத்தால் பிய்த்தாள். அடியில் அப்பாவின் கன்னம், சவரம் செய்யாத தாடியோடு அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி," என்றாள். அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடிட்டிங் காட்ட வந்த தினேஷ் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தான். அதுதான் எங்கள் இரண்டாவது படம். சின்னப் பிள்ளைகளுக்கான நாலு நிமிஷ ஜாம்பிப் படம்.

ஸ்கெலட்டனில் ஒரு ஹாலில் இரண்டையும் போட்டோம். முதலில் பிள்ளைகள் படம். அது முடிந்ததும் சின்னவர்கள் எல்லோரும் வெளியே போய் விளையாடுங்கள் என்று தினேஷ் மைக்கில் கெஞ்சினான். ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் படத்தில் முருகேசண்ணன் கன்னம் தொங்கத் தொங்க மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, முன்வரிசை மொத்தமும் "மைதா, மைதா," என்று கத்தியது. முகத்தை மூடிக்கொண்டதெல்லாம் பெரியவர்கள்தான்.

பவித்ரா அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று சுற்றியிருந்த எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சிலிகான் காயம் கூரியரில் வருகிறது. ஒட்ட பத்து நிமிஷம் போதும். போன் கேமராவும் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. ஆள்தான் இல்லை... தினேஷ் பெங்களூரிலேயே குடித்தனம். முருகேசண்ணன் குடும்பத்தோடு ஓசூர். ரயிலில் போய் வந்தவர்களில் பாதிப் பேர், அலைச்சல் போதும் என்று வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். நல்லதுதான். பிள்ளைகள் முழித்திருக்கும்போதே வீட்டுக்கு வருகிறார்கள்.

போன வாரம் தினேஷ் போன் பண்ணினான். இன்னொரு படம் எடுக்கலாமா என்று. பழைய ஆட்கள் எல்லோருக்கும் நானே பேசினேன். நாலு பேர் வருகிறேன் என்றார்கள். "நாலு பேரு போதுமா கலா?" என்று இழுத்தான்.

நாலு பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் ஒன்றாக நிற்பதே இப்போது பெரிய விஷயம். போதும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்லர் லீவு என்று போர்டும் எழுதி மாட்டியாகிவிட்டது.